மாவு புளிக்கும்போது பாக்டீரியா தன் சுவரை எப்படிக் காக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கத்து மாவுக்கடைகளிலும், வீட்டு அடுப்படியிலும், கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. முதல் பாதி பாக்டீரியாவின் செல்சுவரைப் பற்றியது. அடுத்தது மாவு, தயிர், தண்ணீர். கடைசியில் ஆய்வகச் சோதனைகள். மாவு மட்டுமே உங்கள் கவலை என்றாலும் முதல் பாதியை ஒருமுறை படித்துவிடுங்கள். மாவில் வரும் பல சிக்கல்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மாவைப் புளிக்க வைப்பவை எந்தப் பாக்டீரியாக்கள்?

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதல் இடம் லியூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற உருண்டை வடிவப் பாக்டீரியாவுக்கு. 1965இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இது பெரும்பாலும் உளுந்தோடு வருகிறது. கையால் கலக்கினால்தான் மாவு புளிக்கும் என்பதில்லை. சுத்தமான கரண்டியால் கலக்கினாலும் புளிக்கும். லியூக்கோனோஸ்டாக் லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் தருவதால்தான் மாவு எழும்புகிறது. நேரம் போகப் போக, அதைவிட அமிலம் தாங்கும் பீடியோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் வகைகள் கை ஓங்கும்.

பழைய பாடநூலில் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்று படித்தவர்கள் கவனிக்க: 2020இல் அந்தப் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது அதன் பெயர் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். கீழே 'பிளாண்டாரம்' என்றே சுருக்கி எழுதியிருக்கிறோம்.

செல்சுவர் எதனால் ஆனது?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் ஓடும் கயிறுகள் சர்க்கரைச் சங்கிலிகள்: என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்ற இரண்டும் மாறி மாறி வரும். குறுக்கே இழுத்துக் கட்டும் கயிறுகள், நான்கைந்து அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் பெப்டைடுகள். இந்தப் பின்னலின் பெயர் பெப்டிடோகிளைக்கன். லாக்டிக் பாக்டீரியாக்கள் கிராம் பாசிட்டிவ் வகை, அதாவது கிராம் சாயத்தின் ஊதாவைப் பிடித்து வைக்கும் தடித்த சுவர் கொண்டவை. இந்தப் பின்னல் பல அடுக்காக, சில பத்து நானோமீட்டர் தடிமனுக்கு இருக்கும். அதில் டெய்க்காயிக் அமிலம் என்ற நீண்ட இழைகள் கோத்துக் கிடக்கும். இந்த இழைகளில் பாஸ்பேட் நிறைய இருப்பதால் சுவருக்கு எதிர்மின்சுமை வருகிறது. இந்த மின்சுமையைப் பிறகு பார்ப்போம்.

சுவரின் முதல் வேலை, செல் வெடிக்காமல் பிடித்துக்கொள்வது. கிராம் பாசிட்டிவ் செல்லின் உள் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 வளிமண்டலத்தை ஒட்டித்தான் இருக்கும். சுவருக்கு உள்பக்கம் இருக்கும் சவ்வு டியூப், சுவர் டயர். டயர் கிழிந்தால் டியூப் அந்த நொடியே வெடிக்கும்.

அப்படியானால் அமிலம் உள்ளே வராமல் தடுப்பதும் சுவர்தானே?

இல்லை. மாணவர்கள் தேர்வில் அதிகம் தவறவிடும் இடம் இது. சுவர் வலை போன்றது. புரோட்டானும் லாக்டிக் அமிலமும் அதன் ஓட்டைகள் வழியாகப் போய்விடும். அமிலத்துக்குத் தடுப்பு, சுவருக்கு உள்பக்கம் இருக்கும் கொழுப்புச் சவ்வு.

அந்தத் தடுப்பும் முழுமையானதல்ல. புரோட்டானை இழந்து மின்சுமை ஏறிய லாக்டேட் சவ்வைத் தாண்டாது. புரோட்டான் பிரியாத லாக்டிக் அமிலம் தாண்டிவிடும். பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல்; எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும். லாக்டிக் அமிலத்தில் பாதி பிரிந்திருக்கும் பிஎச், அதாவது அதன் பி.கே.ஏ மதிப்பு, 3.86. கணக்குப் போட்டால் பிஎச் 6இல் நூற்றில் ஒரு பங்குகூட (0.7 சதவீதம்) பிரியாத நிலையில் இருக்காது. பிஎச் 4.5க்கு இறங்கினால் 19 சதவீதம், 4க்கு இறங்கினால் 42 சதவீதம். உள்ளே போன அமிலம் அங்கே புரோட்டானைக் கழற்றிவிட்டு செல்லின் உட்புறத்தையும் புளிக்க வைக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ 4.76 என்பதால் பிஎச் 4.5இலேயே அதில் 65 சதவீதம் உள்ளே நுழையத் தயாராக நிற்கும். ஒரே பிஎச்சில் லாக்டிக் அமிலத்தைவிட அசிட்டிக் அமிலம் பாக்டீரியாவை அதிகம் வாட்டுவது இதனால்தான்.

அமிலம் சுவரை அரித்துவிடுமா?

மாவின் புளிப்புக்கு அரிக்காது. ஆய்வகத்தில் பெப்டிடோகிளைக்கனைப் பிரித்து அமினோ அமிலங்களை அளக்க வேண்டுமானால் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 100 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிஎச் 4 அந்தப் பின்னலுக்கு ஒரு பொருட்டே அல்ல.

பிரச்சினை அரிப்பில் இல்லை, செலவில் இருக்கிறது. வளரும் செல் சுவரைக் கட்டிக்கொண்டே, கூடவே வெட்டிக்கொண்டும் இருக்கிறது. வெட்டாமல் செல் நீளவும் முடியாது, இரண்டாகப் பிரியவும் முடியாது. வெட்டும் நொதிகளுக்கு ஆட்டோலைசின் என்று பெயர். அவற்றுக்கு எரிபொருள் தேவையில்லை. கட்டுவதற்குத்தான் தேவை. சர்க்கரையும் பெப்டைடும் சேர்ந்த ஒரு சுவர்த் துண்டை 'செங்கல்' என்போம். அதில் அமினோ அமிலங்களை வரிசையாகச் சேர்க்கும் மர்-சி, மர்-டி, மர்-இ, மர்-எஃப் என்ற நான்கு நொதிகளும் ஆளுக்கு ஒரு ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) எடுக்கும். கடைசி இரண்டு துண்டுகளை முன்கூட்டியே இணைக்க இன்னொன்று. சர்க்கரைப் பகுதிக்கு அதே போன்ற யுடிபி ஒன்று. ஆக ஒரு செங்கல்லுக்குக் குறைந்தது ஆறு. லியூக்கோனோஸ்டாக் ஒரு குளுக்கோஸைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாற்றினால் கைக்கு வருவது ஒரே ஒரு ஏடிபி. ஒரு செங்கல்லுக்கு ஆறு குளுக்கோஸ்!

அமிலம் ஏறும்போது இதே ஏடிபியை வைத்துத்தான் உள்ளே வந்த புரோட்டானை வெளியே தள்ளவும் வேண்டும். அந்த வேலை சவ்வில் உள்ள எஃப்-ஓ எஃப்-ஒன் ஏடிபியேஸ் என்ற பம்புடையது. பம்புக்குக் கொடுத்தால் சுவருக்கு இல்லை. சுவருக்குக் கொடுத்தால் உள்ளே புளித்துவிடும். கட்டுவது நின்று, வெட்டுவது மட்டும் தொடர்ந்தால் செல் உடைந்துவிடும். செல்சுவர்க் கட்டுப்பாடு என்று சொல்வதெல்லாம் இந்த இழுபறியைச் சமாளிக்கும் வழிகள்தான்.

சுவரில் என்னென்ன மாற்றம் செய்கிறது?

இனத்துக்கு இனம் வேறுபடும். ஒன்றில் கண்டதை அப்படியே இன்னொன்றுக்குச் சொல்லிவிடக் கூடாது. சுவர் தடிக்கும் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் சரியல்ல. நன்றாக அறியப்பட்ட வழிகள் சில உண்டு.

முதலாவது, மின்சுமையைக் குறைப்பது. டெய்க்காயிக் அமிலத்தின் மேல் டி-அலனின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டவைத்தால், அதன் நேர்மின்சுமை பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையை ஈடுகட்டும். இதைச் செய்வது டி.எல்.டி மரபணுத் தொகுப்பு. இதை முடக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரி போன்றவை அமிலத்தில் திணறுகின்றன. பிளாண்டாரத்தில் இதை முடக்கினால் செல்கள் எளிதாக உடைகின்றன. ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டி-அலனின் ஒட்டியிருப்பது எஸ்டர் பிணைப்பில். அமிலத்தில் அது நிலையாக நிற்கும். பிஎச் 8க்கு மேல் கழன்றுவிடும். காரத்தன்மையுள்ள பஃபரில் செல்லைக் கழுவிவிட்டு டி-அலனின் இல்லையே என்று தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, பின்னலின் மேல் பூச்சு. மியூராமிக் அமிலத்தின் மேல் ஓட்-ஏ என்ற நொதி அசிட்டைல் தொகுதியை ஏற்றுகிறது. அப்போது லைசோசைம் போன்ற வெட்டும் நொதிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. பிளாண்டாரத்தில் இன்னொரு நொதி குளுக்கோசமைன் பக்கத்திலும் அசிட்டைல் ஏற்றுகிறது.

மூன்றாவது, பெப்டைடில் உள்ள அமிலத் தொகுதிகளை அமைடாக மாற்றுவது. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் தன் குறுக்குக் கயிற்றில் உள்ள டி-அஸ்பார்ட்டிக் அமிலத்தை இப்படி மாற்றுகிறது. மாற்றாத திரிபுகளில் ஆட்டோலைசின்களின் வெட்டு அதிகமாகி செல் உடைவது கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அமில நெருக்கடி வந்தபின் செய்யும் மாற்றம் அல்ல அது. இந்தச் செல்களின் அடிப்படைக் கட்டுமானமே அப்படி. பொதுவாகச் செங்கல்லின் வாலான பெப்டைடின் நுனியில் இரண்டு டி-அலனின்கள் இருக்கும். லியூக்கோனோஸ்டாக்கிலும் பிளாண்டாரத்திலும் கடைசி அலனினுக்குப் பதில் டி-லாக்டேட். மாவைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தின் ஒரு வடிவம் அவற்றின் சுவருக்குள் செங்கல்லாகப் போய் உட்காருகிறது! டி-லாக்டேட் பற்றாக்குறை வந்தால், நிக்கல் கொண்ட ஒரு நொதியை வைத்து எல்-லாக்டேட்டைத் திருப்பி டி-லாக்டேட் ஆக்கிக்கொள்ளும் பிளாண்டாரம்.

சுவருக்கு ஆபத்து என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

சவ்வில் பதிந்துள்ள உணரிப் புரதங்கள் வழியாக. லாக்டோகாக்கஸில் செஸ்-எஸ், செஸ்-ஆர் என்ற இணை: முதலாவது சுவரின் சேதத்தை உணர்ந்து இரண்டாவதன் மேல் பாஸ்பேட் ஏற்றும், இரண்டாவது மரபணுக்களைத் திறக்கும். சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைனேஸ்கள் என்ற, பாஸ்பேட் ஏற்றும் இன்னொரு வகை நொதிகள், பெப்டிடோகிளைக்கன் துண்டுகளையே தொட்டுப் பார்த்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. வளைய-டை-ஏஎம்பி என்ற குட்டி மூலக்கூறு பொட்டாசியம் வரத்தைக் கட்டுப்படுத்தி, உள் அழுத்தத்தைச் சுவர் தாங்கும் அளவில் வைக்கிறது.

அமிலம் மெதுவாக ஏறுவதற்கும் சட்டென்று ஏறுவதற்கும் என்ன வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் அங்கேதான். வளர்ந்துகொண்டிருக்கும் செல்லை நேராகப் பிஎச் 3.5இல் போட்டால் பெரும்பகுதி செத்துப்போகும். அதே செல்லை முதலில் பிஎச் 5 முதல் 5.5 வரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு போட்டால் பல மடங்கு பிழைக்கும். இதற்கு அமிலத் தாங்கு எதிர்வினை என்று பெயர். அந்த ஒரு மணி நேரத்தில் பம்பு கூடுகிறது, சவ்வின் கொழுப்பு மாறுகிறது, சுவரிலும் திருத்தங்கள் நடக்கின்றன. வளர்ச்சி முடிந்து நின்றுவிட்ட செல்கள், இந்தப் பழக்கம் இல்லாமலே ஓரளவு தாங்கும்.

தாங்கும் எல்லையும் இனத்துக்கு இனம் மாறும். லியூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் தன் உட்புற பிஎச் 5.4 முதல் 5.7 வரை இறங்கும்போதே வளர்ச்சியை நிறுத்திவிடும். பிளாண்டாரம் 4.6 முதல் 4.8 வரை ஓடும். மாவை ரொம்ப நேரம் விட்டால் பொங்கியது தணிந்து, புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: வாயு தந்தது ஓய்ந்துவிட்டது, அமிலம் தருவது ஓயவில்லை.

சித்திரையில் மாவு ராத்திரியே பொங்கி வழியுது, மார்கழியில் விடிஞ்சாலும் அசையல. என்ன செய்ய?

லியூக்கோனோஸ்டாக்குக்கு 20 முதல் 30 டிகிரி வரை பிடிக்கும். கத்திரி வெயில் நாளில் மதுரை அடுப்படி இரவிலும் 30 டிகிரிக்கு மேல் நிற்கும். கிரைண்டர் சூட்டோடு இறங்கும் மாவு இன்னும் கூட. அந்தச் சூட்டில் அமிலம் வேகமாக ஏறி, சூடு தாங்கும் வகைகள் முந்திக்கொள்ளும். லியூக்கோனோஸ்டாக்குக்குச் சுவரைச் சரிசெய்துகொள்ளும் அவகாசமே கிடைக்காது. மாவு புளித்தும் இட்லி தட்டையாக வரும்.

1 கிலோ இட்லி அரிசி, 250 கிராம் உளுந்து, 5 கிராம் வெந்தயம் என்ற அளவுக்கு: வெயில் காலத்தில் உளுந்தை ஃப்ரிட்ஜில் ஊற வையுங்கள், ஆட்டும்போது குளிர்ந்த தண்ணீரைத் தெளியுங்கள். ஆட்டி முடிந்த மாவில் தெர்மாமீட்டர் வைத்தால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 5, 6 மணி நேரத்தில் பாருங்கள். மாவு இரட்டிப்பாகி, ஓரத்தில் குமிழி உடையாமல் நின்றால் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மார்கழியில் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டலாம். பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறி, மாவு திட்டுத்திட்டாகப் புளிக்கும்.

பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்தால் சீக்கிரம் புளிக்குமா?

எந்த மாவு என்பதைப் பொறுத்தது. பொங்கி உச்சத்தில் நிற்கும் மாவிலிருந்து எடுத்தால் நல்லது: 3 கிலோ புது மாவுக்கு 100 முதல் 150 கிராம் போதும். அதில் லியூக்கோனோஸ்டாக் உயிர்த்துடிப்போடு இருக்கும், அமிலத்துக்கும் பழகியிருக்கும்.

வெளியே வைத்து இரண்டு நாள் புளித்த மாவை ஊற்றுவது வேறு கதை. அதில் லியூக்கோனோஸ்டாக்கில் பல செத்திருக்கும், பல சுவர் அடிபட்டு நிற்கும். வாயு தராத வகைகள் மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அடிபட்ட செல் புது மாவுக்கு வந்ததும் பெருகாது. முதலில் சுவரைப் பழுது பார்க்கும். அந்த நேரத்தில் மற்றவை முந்திவிடும். மாவுக்கடைகளில் மீந்த மாவை அடுத்த நாள் மாவோடு தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனால் வாரக் கடைசியில் புளிப்பு கூடி, பொங்கல் குறைவது இதனால்தான். வாரம் ஒருமுறையாவது பழையதே சேர்க்காமல் உளுந்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

உப்பு முன்னாலயா, பின்னாலயா?

3 கிலோ மாவுக்கு 30 கிராம் கல்லுப்பு, அதாவது 1 சதவீதம், லியூக்கோனோஸ்டாக்கைத் தடுக்காது. வெயில் காலத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள். வேகம் சற்று மட்டுப்படும். குளிர் காலத்தில் புளித்தபின் போடலாம். ஆனால் நன்றாகப் புளித்த மாவில் மொத்த உப்பையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். அமிலத்தில் களைத்த செல்லுக்குத் திடீர் உப்பு இன்னொரு அடி. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கினால் போதும்.

போர் தண்ணீரில் ஆட்டினால் மாவு தாமதமாகப் புளிக்கிறதே?

கடின நீரில் பைகார்பனேட் இருக்கிறது; அது அமிலத்தைத் தின்னும். காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீர், லிட்டருக்கு 6 மில்லிமோல், அதாவது சுமார் 0.54 கிராம் லாக்டிக் அமிலத்தைச் செல்லாததாக்கும். புளித்த மாவில் லிட்டருக்குப் பல கிராம் அமிலம் சேரும் என்பதால் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை, தொடக்கம்தான் தாமதப்படும். பாக்டீரியாவுக்கு அது கெடுதலும் அல்ல. அமிலம் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை பலமாக இருந்தால் திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புளிப்பு ஏறிய மாவை ஆப்பசோடா சரிசெய்யுமா?

கொஞ்சம்தான். அரை டீஸ்பூன், அதாவது 2.5 கிராம் சோடா, 30 மில்லிமோல் அமிலத்தைச் சமன் செய்யும். 3 கிலோ மாவில் 0.6 சதவீத அமிலம் இருந்தால் அது 200 மில்லிமோல். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் குறையும். எழும்புவது சோடாவின் வாயுவால். பாக்டீரியாவுக்கு அதில் வேலை இல்லை. ஊற்றுவதற்குச் சற்று முன் போட்டால்தான் அந்த வாயுவும் மிஞ்சும்.

மாவின் கொழகொழப்பு பாக்டீரியா சுரப்பதுதானே?

பெரும்பகுதி உளுந்துடையது. உளுந்தில் உள்ள அராபினோகேலக்டன் என்ற பிசினும் குளோபுலின் புரதமும்தான் குமிழியைப் பிடித்து வைக்கின்றன. லியூக்கோனோஸ்டாக்கும் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினைச் செய்யும். அதற்குச் சுக்ரோஸ் வேண்டும். பழைய உளுந்து வாங்கிவிட்டுப் பாக்டீரியாவைக் குறை சொல்வது நியாயமில்லை.

மாட்டுக்கு ஊசி போட்ட பிறகு பால் உறையவில்லை. ஏன்?

அமிலம் அல்லாமல் மருந்தே சுவரைத் தாக்கும் கதை இது. மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் வகை மருந்து பாலில் இறங்கும். செல்சுவரின் குறுக்குக் கயிறுகளைக் கட்டும் நொதிகள், பெனிசிலினைச் செங்கல்லின் வால் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு விடுபட முடியாது. தயிர்ப் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் மிகக் குறைந்த அளவுக்கே பாதிக்கப்படும். பாலில் பென்சைல் பெனிசிலினுக்கு அனுமதிக்கப்பட்ட சர்வதேச உச்ச அளவே லிட்டருக்கு 4 மைக்ரோகிராம்தான். காய்ச்சினாலும் மருந்து போய்விடாது.

சோதித்துப் பார்க்கலாம். சந்தேகப் பால் 100 மில்லி, நல்ல பால் 100 மில்லி, இரண்டையும் காய்ச்சி 42 டிகிரிக்கு ஆற்றி, ஒரே தயிரிலிருந்து 2 மில்லி உறை ஊற்றி, ஒரே வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். நல்ல பால் உறைந்து, மற்றது 5, 6 மணி நேரம் கழித்தும் தண்ணீராகவே இருந்தால் மருந்து இருப்பதாகவே கொள்ளுங்கள். பால் கேனில் தங்கிய சலவைச் சோடாவும் இதே போலக் காட்டும். கேனைக் கழுவி இன்னொரு முறை பாருங்கள். மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள்.

மாவின் பிஎச், அமில அளவு எப்படிப் பார்ப்பது?

மீட்டரை 7.00, 4.01 பஃபர்களில் சரிசெய்யுங்கள். மாவுக்குள் மின்முனையை நேரே குத்தினால் ஸ்டார்ச் ஒட்டி எண் தள்ளாடும். 10 கிராம் மாவை 10 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அளங்கள். மொத்த அமிலத்துக்கு 10 கிராம் மாவை 90 மில்லி நீரில் கரைத்து, பினாப்தலீன் சில சொட்டு விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை வெளிர் இளஞ்சிவப்பு நிற்கும்வரை விடுங்கள். செலவான மில்லியை 0.09ஆல் பெருக்கினால் லாக்டிக் அமில சதவீதம்.

கிராம் சாயத்தில் மாவுப் பாக்டீரியா பாதி ஊதா, பாதி இளஞ்சிவப்பு. கலப்படமா?

அவசரப்படாதீர்கள். 1884இல் கிராம் கண்ட இந்தச் சாயம், சுவர் முழுமையாக இருந்தால்தான் ஊதாவைப் பிடித்து வைக்கும். இரண்டு நாள் மாவில் அமிலத்தில் அடிபட்ட கிராம் பாசிட்டிவ் செல்கள் ஊதாவை விட்டுவிட்டுச் சஃப்ரானினின் இளஞ்சிவப்பை ஏற்கும். அதே மாவிலிருந்து எம்.ஆர்.எஸ் என்ற, லாக்டிக் பாக்டீரியாவுக்கான வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, 18 மணி நேரக் கல்ச்சரில் மறுபடி சாயமிடுங்கள். அதிலும் இளஞ்சிவப்பு வந்தால் மட்டும் கலப்படம் என்று யோசியுங்கள். 95 சதவீத ஆல்கஹாலை 20 நொடிக்கு மேல் ஓடவிட்டாலும் இதே குழப்பம் வரும்.

மாவை நேரே ஸ்லைடில் தேய்த்தால் இன்னொரு தொல்லை: கிராம் அயோடின் ஸ்டார்ச் மணிகளைக் கருநீலமாக்கிவிடும். 1 கிராம் மாவை 9 மில்லி சலைனில் கலக்கி 10 நிமிடம் அடங்கவிட்டு, மேல் நீரை மட்டும் எடுங்கள்.

வேன்கோமைசின் வட்டு வைத்தால் ஏன் வளையமே விழவில்லை?

வட்டு கெட்டுப்போகவில்லை. வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பிடிப்பது இரட்டை டி-அலனின் வாலை; அப்படிப் பிடித்தால்தான் வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் விழும். லியூக்கோனோஸ்டாக்கிலும் பிளாண்டாரத்திலும் நுனியில் டி-லாக்டேட் இருப்பதால் பிடி வழுக்கிவிடும். லாக்டோகாக்கஸுக்கு 30 மைக்ரோகிராம் வட்டைச் சுற்றி வளையம் விழும். அதையும் பக்கத்திலேயே வைத்து வட்டைச் சரிபாருங்கள்.

அமிலத் தாங்கு எதிர்வினையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே காட்ட முடியுமா?

முடியும். தனிப்படுத்திய பாக்டீரியாவை எம்.ஆர்.எஸ் திரவத்தில் 30 டிகிரியில், 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (கலங்கலின் அளவு) 0.5 வரும்வரை வளருங்கள். இரண்டாகப் பிரித்து மையவிலக்கில் இறக்கி, ஒன்றை பிஎச் 6.5 ஊடகத்திலும் மற்றதை லாக்டிக் அமிலத்தால் பிஎச் 5.0 ஆக்கிய ஊடகத்திலும் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் பிஎச் 3.5க்கு மாற்றுங்கள். 0, 30, 60, 120 நிமிடங்களில் 1 மில்லி எடுத்து, 0.85 சதவீத உப்பும் 0.1 சதவீத பெப்டோனும் கலந்த நீரில் நீர்க்கச் செய்து, இரண்டு வகைத் தட்டில் பரப்புங்கள்: சாதாரண எம்.ஆர்.எஸ், 3 சதவீத உப்பு சேர்த்த எம்.ஆர்.எஸ். 48 மணி நேரம் கழித்து 30 முதல் 300 வரை காலனி உள்ள தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். சாதாரணத் தட்டில் வளர்ந்து, உப்புத் தட்டில் வளராதவை காயம்பட்ட செல்கள். அமிலம் காணாத செல்கள் இரண்டு தட்டிலும் சம அளவில் வளர்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் உப்பைக் குறையுங்கள்.

தவறுகிற இடங்கள்: ஊடகத்தின் பிஎச்சைச் சரிசெய்துவிட்டு ஆட்டோகிளேவ் செய்தால் பிஎச் மாறிவிடும், ஆறியபின் சரிசெய்து 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடியுங்கள். வெறும் நீரில் நீர்க்கச் செய்தால் சுவர் பலவீனமான செல்கள் அங்கேயே வெடித்து, கணக்கு பொய்யாகும். லியூக்கோனோஸ்டாக் சங்கிலியாக நிற்கும். நன்றாகச் சுழற்றிக் கலக்காவிட்டால் பத்து செல் ஒரு காலனியாக எண்ணப்படும்.

சுவர் மாறியிருக்கிறதா என்று லைசோசைம் வைத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் இந்த நொதி, நீளவாட்டுக் கயிறுகளை வெட்டும். பிஎச் 6.5இலும் பிஎச் 5இலும் வளர்த்த செல்களைக் கழுவி, 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 6.8) ஒளி அடர்த்தி 0.7 வரும்படி கலக்குங்கள். மில்லிக்கு 1 மில்லிகிராம் லைசோசைம் சேர்த்து 37 டிகிரியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அளங்கள். லைசோசைம் இல்லாத குழாய் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதில் இறங்கும் அளவு செல்லின் சொந்த ஆட்டோலைசின் வேலை. அதைக் கழித்தால்தான் லைசோசைமின் கணக்கு.

இரண்டு குழாய்களின் செல்களும் ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வளர்ந்து நின்றுவிட்ட செல்லையும் வளரும் செல்லையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது அமிலத்தின் விளைவை அல்ல, வயதின் விளைவை. ஒளி அடர்த்தி இறங்கவே இல்லையென்றால், முதலில் மைக்ரோகாக்கஸ் லூட்டியஸில் உங்கள் லைசோசைமைப் போட்டுப் பாருங்கள். அதில் சில நிமிடங்களிலேயே கலங்கல் தெளிய வேண்டும். தெளிந்தால் நொதி நன்றாகவே இருக்கிறது. உங்கள் பாக்டீரியாதான் தன் சுவரை நன்றாகப் பூசி வைத்திருக்கிறது.